சேற்றுக் கொலுசு

பாட்டில் உவமை வைப்பது எப்படி என்று என்னிடம் யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கேட்பவர்கள் நல்ல பிள்ளைகள்தான். நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, "நிலாவை எதோட ஒப்பிடலாம்மா?" என்பார்கள். நிலாவை ஏன் ஐயா வம்புக்கு இழுக்கிறீர்கள், அது பாட்டுக்கு அங்கே கிடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவர்கள் வயதில் நானும் அதே கிறுக்குப் பிடித்துத்தான் அலைந்தேன் என்பதை மட்டும் சொல்லமாட்டேன். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

என் அண்ணனைப் பற்றி நான் இரண்டு பாட்டுக் கட்டினேன். முதல் பாட்டு அவனை என் வீட்டு வாசலிலிருந்து விரட்டியது. இரண்டாவது பாட்டை, அவனைத் திரும்ப வரவைத்தே தீருவேன் என்று கட்டினேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்குப் பத்தொன்பது வயது. புதூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்து, இடைசெவலுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் எனக்குத் தலைவாரிக்கொள்ளத் தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னை வளர்த்தது அண்ணன். எட்டு வயது மூத்தவன். ஆடு வைத்திருந்தான். காலையில் ஓட்டிப்போய்ப் பொழுது சாயப் பத்திக்கொண்டு வருகிற ஆடு இல்லை, கிடை ஆடு. வெள்ளாமை எடுத்த கரிசல் காட்டில் ஆடுகளை அடைத்துப் போட்டால் புழுக்கை நிலத்துக்கு உரமாகும். ஒரு காட்டில் நாலு நாள், அடுத்த காட்டில் மூன்று நாள் என்று ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பான். நாளன்றைக்கு எங்கே இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. எனக்குக் கல்யாணம் முடித்துவிட்டுத்தான் தன் கல்யாணம் என்று நின்றவன், எனக்கு முடித்த பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. பருத்தி எடுக்கப் போனால் பாட்டு, கும்மி என்றால் பாட்டு, சடங்கு வீடு, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் என்னைத் தேடி ஆள் வரும். புகுந்த ஊரிலும் ஒரே வருஷத்தில் பேர் வாங்கிவிட்டேன். "அவ வந்தாத்தான்ட்டி களை கட்டும்" என்று பொம்பளைகள் சொல்லச் சொல்ல எனக்குத் தலைக்கனம் ஏறிப் போயிருந்தது. இல்லையென்று இப்போது பூசி மெழுக எனக்கு ஆசை இல்லை.

ஆவணியில் எனக்குப் பெண்பிள்ளை பிறந்தது. புரட்டாசியில் ஒரு நல்ல நாளில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். தொட்டில் போடுகிற அன்றைக்குத் தாலாட்டில் மாமனைப் பாடியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். மாமன் வீட்டில் ஒரு நொண்டிக் கழுதைகூட இருக்காது, பாட்டில் யானை கட்டிக் கிடக்கும். வெள்ளித் தொட்டில், தங்கக் கொலுசு, முத்துப் பதித்த கிலுகிலுப்பை எல்லாம் மாமன் கொண்டுவந்து குவிப்பான். அதைப் பொய் என்று எவரும் எடுத்துக்கொள்வதில்லை. எல்லா மாமனுக்கும் அதே யானை, அதே கொலுசு. மாமன்மாரும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. யானையும் கொலுசும் எல்லாரும் பாடுவதுதானே, புதுசாக ஒன்று சொல்ல வேண்டும் என்று எனக்கு அரிப்பு. அப்போது கோவில்பட்டி மில்லுச் சங்கு, காற்று அனுசரணையாக இருந்தால் எங்கள் காடுவரைக்கும் கேட்கும். மில்லு வேலை என்றால் ஊரில் தனி மரியாதை. ஆக, நான் கட்டினேன்:

*ஆலைச் சங்கு ஊதுமடி – உன் மாமன்*
*அடியெடுத்து வைக்கையிலே*
*கேட்டுக் கதவு திறக்குமடி – அங்கே*
*காவக்காரன் வணங்கையிலே*

பொம்பளைகள் சிரித்துக் குலுங்கிவிட்டார்கள். "ஏட்டி, மறுபடி பாடு" என்று ஒரே கூப்பாடு. நானும் குரலை ஏற்றி மறுபடி பாடினேன். அந்த நேரத்தில்தான் அண்ணன் வாசலில் வந்து நின்றான்.

கையில் தொட்டில் கம்பு வைத்திருந்தான். சேலைத் தொட்டிலின் இரண்டு பக்கமும் அகன்று நிற்பதற்கு நடுவில் கொடுக்கிற கம்பு. மஞ்சணத்திக் கட்டையில் வெட்டி, கண்ணாடிச் சில்லால் சீவிச் சீவி இழைத்திருந்தான். மஞ்சணத்தியின் உள்கட்டை நல்ல மஞ்சளாக இருக்கும். என் நாத்தனார் அவனைப் பார்த்துவிட்டாள். முறைக்காரி, கேலி பேச உரிமை உள்ளவள். "மில்லுக்கார அத்தான் வந்துட்டாவ! சங்கு ஊதச் சொல்லுங்கம்மா, கேட்டைத் திறங்க!" என்றாள். வீடே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கம்பைச் சுவரோரம் சாத்தினான். "ஆடு தனியாக் கெடக்கு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். திரும்பி நடந்துவிட்டான். இலை போட்டு வைத்திருந்தது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் "அண்ணே, அண்ணே" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

யானையைப் பாடினால் கோபப்படாத மனுஷன் மில்லைப் பாடினதற்கு ஏன் இப்படிப் போகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. பொங்கலுக்கும் வரவில்லை.

மாசியில் காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். பங்குனி உத்திரத்தன்று, என் வீட்டுக்காரர்களின் சாஸ்தா கோயிலில். பிள்ளைக்கு மொட்டை எடுத்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் மடி இல்லாமல் குத்தினால் பிள்ளைக்கு நாதியில்லை என்று அர்த்தம். ஊர் முன்னால், பந்து சனம் முன்னால், எனக்குப் பிறந்த வீடு இல்லை என்று நானே சொல்வது மாதிரி.

என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதூர்ப் பக்கம் போனார். முதல் தடவை போனபோது கிடை வேறு காட்டுக்கு நகர்ந்துபோயிருந்தது. இரண்டாவது தடவை ஓர் ஓடைக்கரையில் பிடித்துவிட்டார். போனவர் பொழுது மசங்கத் திரும்பி வந்து, சைக்கிளைச் சாத்தினார்.

"என்ன சொல்லுதான் எங்க அண்ணன்?"

"சொல்லுத மாதிரி ஒண்ணும் சொல்லல, விடு."

"சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

"ஆலைக்காரன் எவனாச்சும் மாமனா இருப்பான், அவன் மடியில உக்காரவச்சுக் குத்தச் சொல்லுங்க மச்சான்னு சொல்லிட்டாவ. அவ்வளவுதான்."

அதில் கொடுமை என்னவென்றால், ஆலைக்காரன் ஒருவன் நிஜமாகவே இருந்தான். என் பெரியப்பா மகன், அப்போதுதான் புதுசாகக் கோவில்பட்டி மில்லில் சேர்ந்திருந்தான். முறைக்கு அவனும் எனக்கு அண்ணன்தான். என் மாமியார் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். "பிறகென்னட்டி? அவனைக் கூப்பிட்டு உக்காரவச்சிருவோம். மடிதான வேணும்? எந்த மடியா இருந்தா என்ன?"

"அத்தை, என் பிள்ள எங்கண்ணன் மடியிலதான் உக்காரும். இல்லேன்னா காது குத்தவே வேண்டாம்."

"வராதவனை என்ன செய்வ? இழுத்துக்கிட்டா வருவ?"

"வரவைப்பேன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் பாய் வந்தார். சைக்கிள் கேரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சேலை விற்பவர். கோவில்பட்டிக்காரர், முப்பது வயதுதான் இருக்கும், வாய் ஓயாமல் பேசுவார். எங்கள் ஊரிலிருந்து புதூர்ப் பக்கம்வரை அவர் சைக்கிள் போகாத வண்டிப்பாதை கிடையாது. என் அண்ணனை அவருக்கு நன்றாகத் தெரியும். நடந்ததைச் சொன்னேன். பாட்டையும் சொன்னேன். பாய் சேலையைப் பிரித்த கையோடு அப்படியே என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இப்படிச் செஞ்சுட்டீங்க? உங்களுக்கு விசயமே தெரியாதா?"

"என்ன விசயம்?"

"போன வருசம் உங்க அண்ணாச்சி அந்த மில்லு கேட்டுல எட்டு நாளு நின்னாவிய. வேலை கேட்டு. நாந்தான் பாத்தேன். தெனமும் சங்கு ஊதும், எல்லாரும் உள்ள போவாவ, இவிய மட்டும் வெளிய நிப்பாவ. சொல்லிவிட ஆளு இல்லாம யாரு சேத்துக்கிடுவா? எட்டாம் நாளு காவக்காரன் வெரட்டிவிட்டுட்டான். யார்கிட்டயும் சொல்லாதீங்க பாய்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாவ."

சங்கு, கேட்டு, காவல்காரன். ஒன்றுவிடாமல் எடுத்து அடுக்கி, ராகம் போட்டு, ஊர்ப் பொம்பளைகளைக் கூட்டிவைத்துச் சிரிக்கச் சிரிக்கப் பாடியிருக்கிறேன். நான் எங்கிருந்தோ கேள்விப்பட்டுக் குத்திக் காட்டியதாகத்தான் அவன் நினைத்திருப்பான். வேறு எப்படி நினைப்பான்? யானை யாருக்கும் வலிக்காது. நான் பார்த்தே இராத மில்லை, அழகாக இருக்கிறதே என்று எடுத்து வைத்தேன். அது அவன் நின்று அவமானப்பட்ட இடம். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். பாய் பயந்துபோய் என் மாமியாரைக் கூப்பிட்டார்.

அழுது முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. கடுதாசி போட அவனுக்கு விலாசம் கிடையாது, படிக்கவும் வராது. ஆள் அனுப்பிச் சொல்லலாம். ஆனால் அந்த மில்லுச் சமாச்சாரத்தை வாயெடுத்துச் சொன்னாலே அவனுக்கு மறுபடியும் அவமானம். பாட்டால் வந்த வினை, பாட்டாலேயே தீரட்டும். பாட்டுக்கு விலாசம் வேண்டாம். பருத்தி எடுக்க ஊர்விட்டு ஊர் போகிற பொம்பளைகள் வாயோடு அது எந்தக் காட்டுக்கும் போகும். பங்குனி உத்திரத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தேன்.

முதலில் கட்டியதெல்லாம் குப்பை. அண்ணே, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்று ஒன்று கட்டினேன். அது பாட்டாகவே இல்லை, பஞ்சாயத்தில் விழுந்து கும்பிடுகிற மாதிரி இருந்தது. பிறகு அவனைக் கர்ணன் என்றேன், சிங்கம் என்றேன், மலை என்றேன். பருத்திக் காட்டில் அதைப் பாடிக்காட்டினேன். கூட வேலை செய்த பொம்பளைகள் "நல்லாருக்குட்டி" என்றார்கள். கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது ஒருத்தி வாயிலும் அது இல்லை. காலையில் போட்ட அடி மத்தியானம்வரை உயிரோடு இல்லையென்றால் அது எங்கே புதூருக்கு நடந்து போகப்போகிறது?

அதிலிருந்து அதையே ஒரு கணக்காக வைத்துக்கொண்டேன். காலையில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடிக்கும்போது ஒரு அடி பாடுவேன். பிறகு வாயை மூடிக்கொள்வேன். கஞ்சி நேரத்தில் யாராவது தன்னாலே அதை முனகுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். சிங்கத்தை யாரும் முனகவில்லை. சிங்கத்தை எங்களில் எவள் பார்த்தாள்? நான்கு நாள் இப்படிப் போயிற்று. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நான் பாட்டுக்காரியே இல்லையோ என்றுகூட நினைப்பு வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் வீட்டில் பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை தூங்காமல் மேலே அந்தத் தொட்டில் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்தேன். ஆறு மாதமாகத் தினமும் கை படுகிற கம்பு. ஒரு சிலாம்பு கிடையாது. பிள்ளை கைபட்டால் குத்திவிடக் கூடாது என்று எத்தனை நாள் உட்கார்ந்து இழைத்திருப்பான்! இதைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனானே என்று நினைத்தபோது வாயில் தானாக வந்தது:

*வெள்ளித் தொட்டில் இல்லையடி – உன் மாமன்*
*வெட்டிவந்தான் மஞ்சணத்தி*
*கண்ணாடிச் சில்லு வச்சு – உன்*
*கன்னம்போல இழைச்ச கம்பு*

மறுநாள் காட்டில் பாடினேன். கஞ்சி நேரம்வரை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது நிரையில் ஒருத்தி "கன்னம்போல இழைச்ச கம்பு" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பருத்தி மடியோடு துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

அவ்வளவுதான். வழி பிடிபட்டுவிட்டது. யானையும் வேண்டாம், சிங்கமும் வேண்டாம். அவன் எனக்கு நிஜமாக என்ன செய்தான்? கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். எனக்குப் பத்து வயதில் ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. ஐப்பசி அடைமழை. கரிசலில் மழை பெய்துவிட்டால் வண்டி இறங்காது, சக்கரம் அச்சுவரை புதைந்துவிடும். பஸ் ரோட்டுக்கு ஐந்து மைல். அண்ணன் என்னைத் தோளில் தூக்கி வைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கிவிட்டான். அடிக்கு அடி கரிசல் காலைப் பிடிக்கும். ஒட்டின மண்ணின் மேல் மண் ஒட்டும். நூறு எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு மூட்டை கட்டின மாதிரி ஆகிவிடும். நின்று வழித்துப் போட வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் என்னை இறக்கியபோது அவன் கணுக்காலில் மண் வளையம் வளையமாகக் காய்ந்து இறுகியிருந்ததை நான் பார்த்தேன். மற்றதெல்லாம் காய்ச்சலில் மறந்துபோயிற்று. அந்த வளையம் மறக்கவில்லை.

*பொன்னுக் கொலுசு இல்லையடி – உன் மாமன்*
*பூட்டிவந்தான் சேத்துக் கொலுசு*
*எட்டு வைக்க எட்டு வைக்க – அது*
*ஏறி வளர்ந்த கரிசக் கொலுசு*

*தோளு மாத்த ஆளு இல்ல – அந்தக்*
*கொட்டும் மழைக் காட்டுக்குள்ள*
*தலைக்கு மேல தங்கச்சியும் – ஒரு*
*சத்தமில்லாமக் கிடந்தாளே*

சேற்றுக் கொலுசு என்று நான் பாடியதும் காட்டில் எல்லாரும் ஒரு நிமிஷம் தங்கள் காலைப் பார்த்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. மழைக்கரிசலில் நடக்காத கால் அங்கே ஒன்றும் கிடையாது. வெளியூரிலிருந்து கூலிக்கு வந்திருந்த பொம்பளைகள் அதைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பாய் வந்தபோது அவரையும் விடவில்லை.

"பாய், நீங்க எங்கண்ணன்கிட்ட இதைப் பாடிருங்க."

"நானாம்மா? நான் பாடுனா ஆடெல்லாம் அத்துக்கிட்டு ஓடிரும். பெறகு அண்ணாச்சி என்னைத் தேடிவந்து அடிப்பாவிய."

"அப்போ போற ஊர்ல எல்லாம் பொம்பளைகளுக்குச் சொல்லிக்குடுங்க."

"சேலை விக்கப் போறவன் பாட்டு வாத்தியார் ஆயிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டே "கன்னம்போல இழைச்ச கம்பு" என்று ஏதோ ஒரு ராகத்தில் கத்திக்கொண்டுதான் போனார்.

இரண்டு வாரம் கழித்து, காதுகுத்துக்குச் சாமான் வாங்கக் கோவில்பட்டிச் சந்தைக்குப் போயிருந்தேன். வெங்காயக் கடை முன்னால் முன்பின் தெரியாத ஒரு பெண் இடுப்புப் பிள்ளையைத் தட்டிக்கொண்டு என் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. கிட்டப் போய்க் கேட்டேன். "வெட்டிவந்தான் சந்தனத்தை" என்று பாடினாள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏம்மா, அது சந்தனம் இல்ல. மஞ்சணத்தி."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சந்தனம்னா கேக்க நல்லாருக்குல்லா?"

"கேக்க நல்லாருக்கும். எங்கண்ணன் சந்தன மரத்துக்கு எங்க போவான்? அவன் வெட்டுனது மஞ்சணத்தி. அதை மாத்தாதீங்க."

"பாட்டுதான? என்னமோ சொத்தைப் பறிச்ச மாதிரி நிக்கீங்க?"

சொத்துதான் என்றேன். சந்தனம் என்று அவன் காதில் விழுந்தால் இதுவும் இன்னொரு கேலி என்று நினைத்துக்கொள்வான். அப்புறம் ஜென்மத்துக்கும் வரமாட்டான். வெங்காயக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, அவள் "மஞ்சணத்தி" என்று மூன்று தரம் பாடிக் காட்டுகிறவரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் அவளே சிரித்துவிட்டாள். "புதூர்ப் பக்கம் எங்கக்கா இருக்கா. அவகிட்டயும் திருத்திருதேன், போங்க" என்றாள்.

உத்திரத்துக்கு ஐந்து நாள் முன்னால் பாய் வந்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"எங்கண்ணன் கேட்டானா பாய்?"

"கேட்டாவிய. கெணத்தடியில தண்ணி எடுக்க வந்த பொம்பளைய பாடிக்கிட்டு இருந்தாவ. அண்ணாச்சி ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நின்னாவிய. முழுசாக் கேட்டாவிய."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணுமே சொல்லலம்மா. ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிட்டாவிய."

அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் மறுபடி போய்வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் பாட்டில் வைத்தாயிற்று.

உத்திரத்தன்று கோயிலில் கூட்டமான கூட்டம். பிள்ளைக்கு மொட்டை எடுத்துச் சந்தனம் தடவியாகிவிட்டது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். பெரியப்பா மகன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தான். என் மாமியார் அவனைப் பாயில் உட்காரவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நல்ல நேரம் போகுதுட்டி. பிள்ளையக் குடு."

"குடுக்க மாட்டேன் அத்தை."

"ஊரே பாக்குது!"

"பாக்கட்டும்."

பெரியப்பா மகன் பாவம், எழுந்திருப்பதா உட்காருவதா என்று தெரியாமல் முழித்தான். நான் பிள்ளையை மார்போடு பிடித்துக்கொண்டு வண்டிப்பாதையைப் பார்த்தபடி நின்றேன். ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். என் மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்காகவே அந்த மனுஷனோடு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் குடும்பம் நடத்தலாம்.

அண்ணன் பாதை வழியாக வரவில்லை. குறுக்கே காட்டுக்குள் இருந்து வந்தான். தோளில் ஒரு கிடாக்குட்டி, தலையில் துண்டு, முழங்கால்வரை புழுதி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றான். இளைத்துப் போயிருந்தான்.

"பாட்டுல பொய் இருக்கு" என்றான்.

"எந்த எடத்துல அண்ணே?"

கிடாயை இறக்கினான். பெரியப்பா மகன் தானாகவே எழுந்து இடம் விட்டான். அண்ணன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். நான் பிள்ளையை அந்த மடியில் வைத்தேன். துண்டின் முனையை அவிழ்த்து, இத்துனூண்டு கம்பி வளையம் இரண்டை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தான்.

முதல் காதில் ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலமாகிவிட்டது. இரண்டாவது காதுக்குத் தலையைக் கொடுக்காமல் துள்ளியது. "பாடுட்டி" என்றான் அண்ணன், பிள்ளையைப் பிடித்துக்கொண்டே. "சும்மா நிக்கியே, பாடு."

பாடினேன். மஞ்சணத்தியைப் பாடினேன். சேற்றுக் கொலுசைப் பாடினேன். சுற்றி நின்ற பொம்பளைகளுக்கெல்லாம் தெரிந்திருந்தது, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "தலைக்கு மேல தங்கச்சியும், ஒரு சத்தமில்லாமக் கிடந்தாளே" என்று வந்தபோது அண்ணன் கையை நீட்டி நிறுத்தினான்.

"இதுதான் பொய்" என்றான். "சத்தமில்லாமக் கெடந்தியா நீ? அஞ்சு மைலும் பாடிக்கிட்டே வந்தியேட்டி! காய்ச்சல் வேகத்துல என்னத்தையோ பாடுன, ஒண்ணும் வெளங்கல. நடுக்காட்டுல காலைத் தூக்க முடியல எனக்கு. உன்னை எறக்கிவச்சுட்டு உக்காந்துருவமான்னு நெனச்சேன். மேல இருந்து பாட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது. அது நிக்கலையே, நாம எப்படி நிக்கன்னுதான் நடந்தேன். அதை விட்டுட்டு என்னத்தட்டி பாட்டுக் கட்டுன?"

எனக்கு அது தெரியாது. இத்தனை வருஷமும் தெரியாது. ஆசாரி அந்தச் சந்தில் இரண்டாவது காதையும் குத்திவிட்டார். பிள்ளை அலறியது. நான் அடியை மாற்றிப் பாட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கண்ணில் நீர்தான் கொட்டியது. பொம்பளைகளும் எப்படிப் பாடுவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன்தான் பாடினான். வாழ்நாளில் ஒரு பாட்டுப் பாடாதவன், ஆட்டைக் கூப்பிடுகிற அதே குரலில், பிள்ளையின் மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு பாடினான்:

*தலைக்கு மேல தங்கச்சியும் – அங்க*
*தன்னாலயே பாடி வந்தா*

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தது.